மூதூர்க் கரையில கிடக்கிற பழைய சரக்கு வள்ளம்: திரும்பப் பாய் கட்டிக் குடும்பத்தோட ஓடலாமா?

கொட்டியாரக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசிங்க.

மூதூர்ப் பக்கம் ஒரு பழைய மர வள்ளம் கரையில ஏத்தினபடி கிடக்கு. 42 அடி நீளம், 13 அடி அகலம். ஒரு காலத்தில நெல்லும் விறகும் ஏத்திக்கொண்டு கொட்டியாரக்குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வந்து போன வள்ளம். முதல்ல பாய், பிறகு பாய்மரத்தைக் கழட்டிப்போட்டு லிஸ்டர் எஞ்சின் ஒண்டு வச்சு ஓட்டினாங்க. ரோட்டும் பாலமும் வந்தாப் பிறகு சரக்கெல்லாம் லொறியில போகத் தொடங்கிட்டு, வள்ளத்துக்கு வேலை இல்லாமப் போச்சு. இப்ப சொந்தக்காரர் விறகு விலைக்குக் குடுக்கத் தயார். ஒரு ஹோட்டல்காரர் வேற வந்து கேட்டிருக்கிறார், ரெண்டா அறுத்து சாப்பாட்டு மேசை ஆக்கவாம். அதைக் கேட்டதில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளுதில்ல.

நான் கேக்கிறது சோடனைக்கு வைக்க இல்ல. திருத்தி, எஞ்சினைக் கழட்டிப்போட்டு பாய்மரம் நட்டு, நானும் மனுசியும் ரெண்டு பிள்ளைகளும் சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும் கடல் படுத்துக்கிடக்கிற காலத்தில நிலாவெளி, குச்சவெளி, தெற்கால வாழைச்சேனை எண்டு போய் வரவேணும். உள்ளுக்க படுத்து எழும்புற மாதிரி. எங்கட கரையில பாய்விட்டு ஓடுற பெரிய வள்ளம் எண்டு ஒண்டையும் என்ர பிள்ளைகள் கண்ணால கண்டதில்ல. வெளிநாட்டு யாட்டுகள் உள்துறைமுகத்தில வந்து நிக்கேக்க வாயைப் பிளந்து பாக்குறாங்க. எங்கட கடலுக்கெண்டே செய்த வள்ளம் கரையில உக்கிக்கொண்டு கிடக்கு.

எங்க இருந்து தொடங்குறது? என்னத்தை முதல்ல பாக்கிறது?

மூதூர்_ஜெட்டி எழுதியது:

தம்பி, அந்த வள்ளத்தை எனக்கு நல்லாத் தெரியும், எங்கட வாப்பா அதில நெல் ஏத்திப் போய் வந்தவர். விடியப்புறம் கரைக்காத்தில இங்கால இருந்து வெளிக்கிடுவாங்க, திருகோணமலையில இறக்கிப்போட்டு பின்னேரக் கடல்காத்தில திரும்பி வந்திடுவாங்க, காத்தைப் பாத்துத்தான் சோறே ஆக்குறது எண்டு சொல்லுவார். ஒரு விசயம், அணியத்துக்கு (வள்ளத்தின்ர முன்பக்கம்) கீழ இடப்பக்கம் ரெண்டு பலகை பிற்காலத்தில மாத்தினது, மற்ற மரம் மாதிரி இல்ல. முதல்ல அதைக் குத்திப் பாருங்க. ஹோட்டலுக்குப் போக விடாதீங்க தம்பி.

ஊறணி_வல்வை எழுதியது:

வாழ்த்துகள். எங்கட பக்கத்துக் கதை ஒண்டைச் சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன், ஏனெண்டா இது சம்பந்தம் இல்லாத கதை இல்லை. வல்வெட்டித்துறையில 1930இல வேப்ப மரத்தால கட்டின அன்னபூரணி அம்மாள் எல்லாருக்கும் தெரிஞ்ச கப்பல்தான். ஆனா அது ராசாக்களுக்குக் கட்டினது இல்லை, சரக்கு ஏத்திக்கொண்டு திரிஞ்ச கப்பல். அதைத்தான் வில்லியம் ரொபின்சன் எண்ட அமெரிக்கர் தான் பாய்விட்டு ஓடுறதுக்கெண்டு வாங்கினவர். வல்வை ஆக்கள்தான் அதை ஓட்டிக்கொண்டு போனவை, 1938 ஆகஸ்ட் மாசம் மாசசூசெற்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில போய்ச் சேந்தது. பெயரையும் ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் எண்டு மாத்திப்போட்டினம். அப்ப நீங்கள் நினைக்கிறது புதுசா ஆகாயத்தில இருந்து விழுந்த யோசனை இல்லை, எங்கட சரக்குக் கப்பலை ஒருத்தர் எண்பது வருசத்துக்கு மேல முதலே இப்பிடிப் பாவிச்சிருக்கிறார்.

இனி விசயம். அப்பப்பா ஓடாவி (வள்ளம் கட்டுற தச்சர்), அவரோட நிண்டு பாத்ததை வச்சுச் சொல்லுறன். பாய், பாய்மரம், பெயின்ற் எல்லாத்தையும் மறந்திடுங்கோ. முதல்ல ஏரா, அதுதான் அடியில நீளத்துக்கு ஓடுற முதுகெலும்புக் கட்டை. முன்னுக்கு இருந்து பின்னுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி ஏரா நேரா இருக்கோ, நடுவில முதுகு தூக்கி நிக்குதோ எண்டு பாருங்கோ. கரையில ரெண்டு கட்டையில மட்டும் வருசக்கணக்கா நிண்ட வள்ளம் எண்டா கட்டாயம் ஏதோ ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும். கொஞ்ச வளைவு எண்டா பரவாயில்லை, தாங்குகட்டையை மெல்ல மெல்ல மாத்தி வச்சு மாசக்கணக்கில இறக்கலாம், ஒரே நாளில ஜாக் வச்சு நிமித்தினா ஆணியெல்லாம் கழண்டு வந்திடும்.

ரெண்டாவது, ஏராவோட சேருற அடிப்பலகை. மூண்டாவது, வங்குகள் (பலகையை உள்ளுக்க தாங்குற விலாக்கட்டைகள்) ஏராவில வந்து இருக்கிற இடம். ஒரு குத்தூசியும் சின்னச் சுத்தியலும் காணும். நல்ல மரம் சுத்தியலுக்குக் கணீர் எண்டு சொல்லும், உக்கினது சத்தமே இல்லாம வாங்கிக்கொள்ளும். நாலைஞ்சு ஆணியைப் பிடுங்கிப் பாருங்கோ. வெளியில தலை நல்லா இருக்கும், பலகைக்கும் வங்குக்கும் நடுவில மெலிஞ்சு ஊசி மாதிரி வரும். இரும்பு துருப்பிடிக்கேக்க தன்னைச் சுத்தி இருக்கிற மரத்தையும் சேத்துத்தான் தின்னும்.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

அண்ணே நான் குறுக்க நிக்கிறன் எண்டு நினைக்காதீங்க. எஞ்சினைக் கழட்டுற கதை மட்டும் வேணாம். கச்சான், அதுதான் தென்மேற்குப் பருவக் காத்து, இங்க கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. கரை ஓரம் தண்ணி தட்டா இருக்கும், ஆனா சும்மா இருந்தா வெளியால கொண்டு போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகளோட போய் மத்தியானம் கச்சான் பிடிச்சா, பாயை மட்டும் நம்பி எதிர்க்காத்தில கரைக்கு வாறதெண்டா பெரிய பாடு. பழைய லிஸ்டரை எடுத்துப்போட்டு பாரம் குறைஞ்ச டீசல் ஒண்டு வைங்க.

அடுத்தது, பலகை எல்லாத்தையும் மாத்திக் காசைக் கொட்டாம வெளியால பைபர் போத்திடலாம். ரெண்டு லேயர் போட்டா ஒழுக்கு நிண்டிடும். சுனாமிக்குப் பிறகு இங்க எல்லாரும் பைபருக்குத்தானே மாறினாங்க.

தோணிக்காரன்_தூத்துக்குடி எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி, நான் தூத்துக்குடி. பைபர் போத்துறது மட்டும் வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். பைபர்ல கட்டுன போட் வேற, பழைய மரத்து மேல பைபர் போத்துறது வேற. பலகை தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும், பைபர் அப்படி அசையாது, அதனால எங்கயாவது ஒரு இடத்துல பிச்சுக்கும். பிச்ச இடத்துல போன தண்ணி வெளிய வராது. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் போட்ல ஒரு யார்டுல இப்படித்தான் செஞ்சு குடுத்தாங்க, வெளிய பாத்தா கண்ணாடி மாதிரி மினுங்கிச்சு, உள்ள பலகை களியாப் போயிருந்துச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சு ஒழுகுற போட்டைச் சரி பண்ணிடலாம், உள்ளுக்குள்ளயே உக்குற போட்டை ஒண்ணும் பண்ண முடியாது.

எங்க ஊர் தோணியெல்லாம் பலகை, வங்கு, கலப்பத்து (பலகை இடைவெளில பஞ்சு அடிச்சு அடைக்கிறது) இதை வச்சுத்தான் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போச்சு.

பேர்கன்வாசி எழுதியது:

நான் திருகோணமலைதான், இப்ப நோர்வேயில. தூத்துக்குடி அண்ணர் சொன்னதை அப்பிடியே ஆமோதிக்கிறன். இங்க பழைய மீன்பிடி வள்ளம், சரக்கு வள்ளங்களைத் திருத்துறதுக்கெண்டே நிலையங்கள் இருக்கு, பேர்கனுக்குக் கிட்ட நூர்ஹைம்சுண்ட் எண்ட ஊரில ஹார்டாங்கர் கப்பல் பாதுகாப்பு நிலையம் ஒண்டு. போய் நிண்டு பாத்திருக்கிறன். அவங்கட முதல் வேலை வாளும் இல்ல, உளியும் இல்ல, அளவு எடுக்கிறதுதான். ஒரு பலகையைத் தொடமுதல் முழுக்கப் படம் எடுத்து, அளந்து, வரைஞ்சு வைப்பாங்க.

உங்கட வள்ளத்துக்கும் இதைச் செய்யுங்க. நடுவால ஒரு நூல், அதில இருந்து அரை மீட்டருக்கு ஒருக்கா தூக்குநூல் விட்டு பக்கப்பலகை எவ்வளவு தூரத்தில இருக்கு எண்டு எழுதிக்கொண்டு வாங்க. பிள்ளைகளுக்கும் நல்ல வேலை. இந்த வள்ளத்துக்கு வரைபடம் ஒண்டும் இருந்திருக்காது, கட்டின ஓடாவியின்ர கண்ணிலதான் இருந்திருக்கும். நாளைக்கு வள்ளமே இல்லாமப் போனாலும் அந்தக் கொப்பியை வச்சு இன்னொண்டு கட்டலாம்.

பலகை மாத்தேக்க எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டாதீங்க. ஒண்டு விட்டு ஒண்டு கழட்டி, புதுசு போட்டு, பிறகு மற்றதைக் கழட்டவேணும். உள்ளுக்க குறுக்கால முட்டுக்கட்டை அடிச்சு விடுங்க. இல்லாட்டி வள்ளம் தன்ர உருவத்தை மறந்து விரிஞ்சு போகும், பிறகு எந்த ஓடாவியாலயும் திரும்பக் கொண்டு வரேலாது. நாங்க காப்பாத்தப்போறது அந்த உருவத்தைத்தான். மரம் மாறலாம், வளைவு மாறக்கூடாது.

இன்னொண்டு, உப்புத் தண்ணிக்குப் பயப்பிடாதீங்க, மழைத் தண்ணிக்குப் பயப்பிடுங்க. மரத்தை உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு நல்ல தண்ணிதான் வேணும். இப்பவே உள்ளுக்க மழைத்தண்ணி தேங்கி நிக்கும், முதல் வேலையா இறைச்சுப்போட்டு மேல கூரை போடுங்க. இங்க அந்தக் காலத்து வள்ளங்களில வங்குகளுக்கு நடுவில உப்புக் கொட்டி வைப்பாங்க.

கொட்டியாரக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊறணி அண்ணை சொன்னபடி நூல், குத்தூசி, சுத்தியல் எல்லாம் கொண்டு போய்ப் பாத்தன். மூதூர் ஜெட்டி காக்காவும் வந்து கூட நிண்டார்.

ஏரா நடுவில ரெண்டு விரல்கடை அளவு தூக்கி நிக்கு. அணியத்துக் கீழ இடப்பக்கப் பலகை ரெண்டும் காக்கா சொன்னது சரிதான், குத்தூசி பிடி வரைக்கும் போகுது. மற்றப் பலகைகளில தண்ணி மட்டத்துக்கு மேல உள்ளது எல்லாம் கணீர் எண்டு சத்தம். பின்பக்கம் சுக்கான் தொங்குற கட்டையில கடல்புழு அரிச்சிருக்கு, வெளியால சின்னச் சின்ன ஊசித் துவாரம்தான், ஒரு துண்டைச் செத்திப் பாத்தா உள்ளுக்க விரல் மொத்தத்துக்குக் குழாய் குழாயா வெள்ளைச் சுண்ணாம்பு பூசின மாதிரி ஓடிப்போய்க் கிடக்கு. ஆணி பத்துப் பன்னிரண்டு பிடுங்கினம், பாதிக்கு மேல நடுவில மெலிஞ்சது. வங்குகள் மேல்பாதி நல்லம், ஏராவோட சேருற இடத்தில சிலது மாவாப் போச்சு.

உள்ளுக்க இருந்த தண்ணியை இறைச்சாச்சு. தென்னோலைக் கிடுகு வாங்கியிருக்கு, இந்தக் கிழமை பந்தல்.

கேள்வி: எல்லா ஆணியும் மாத்தவேணுமா? செம்பாணி விலையைக் கேட்டுத் தலை சுத்துது.

ஊறணி_வல்வை எழுதியது:

வங்கு மேல்பாதி நல்லம் எண்டா அந்த வள்ளம் உயிரோட இருக்கு. கீழ் மாவாப்போன இடத்துக்கு முழு வங்கும் மாத்தத் தேவையில்லை, பக்கத்தில இன்னொரு வங்கை அணைச்சு வச்சு நீளமா ஏத்திப் பூட்டலாம். வளைவுக்கு ஏத்த மாதிரி வளர்ந்த கொப்பா எடுக்கவேணும், நேர்ப்பலகையில வளைவு வெட்டினா நார் குறுக்கால அறுபட்டு முறிஞ்சிடும். வேம்பு, பூவரசு வளைவுக்கு நல்லம். அடிப்பலகைக்கு இலுப்பையோ தேக்கோ பாருங்கோ.

ஆணி விசயம்: தண்ணிக்குக் கீழ எல்லாம் மாத்துங்கோ. செம்புதான் வேணும் எண்டு இல்லை, நல்லா நாகம் (துத்தநாகம்) முக்கின இரும்பாணியும் கன வருசம் நிக்கும். ஆனா செம்பையும் இரும்பையும் கிட்டக் கிட்டக் கலந்து அடிக்காதேங்கோ. உப்புத் தண்ணிக்குள்ள ரெண்டும் சேந்தா இரும்பு கரைஞ்சு போகும். மரமும் முக்கியம், தேக்கு எண்ணெய் உள்ள மரம், இரும்பை அவ்வளவு கெடுக்காது. ஓக் மரத்தில உள்ள அமிலம் இரும்பை அரிக்கும். ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தாப் பிறகு வெள்ளைக்காரனே பம்பாயில தேக்கால போர்க்கப்பல் கட்டிக்கொண்டு போனவன். உங்கட ஊர்ப் பெயரிலயே ஒண்டு இருக்கே, எச்.எம்.எஸ். திருகோணமலை, 1817இல வாடியா குடும்பம் பம்பாயில கட்டினது. 1990இல திருத்தத் தொடங்கி 2001இல முடிச்சு இப்பவும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூலில மிதந்துகொண்டு நிக்குது. இடையில எத்தனையோ வருசம் பயிற்சிக் கப்பலா ஆக்கள் ஏறி இறங்கிப் புழங்கினபடியாத்தான் அது தப்பினது எண்டு நான் நினைக்கிறன். ஆள் நடமாட்டம் இல்லாத வள்ளம் கெதியில செத்துப்போகும்.

உப்புவெளி_அக்கா எழுதியது:

தம்பி, நீங்க எல்லாரும் மரத்தையும் ஆணியையும் கதைக்கிறீங்க, நான் வீட்டுக்காரியின்ர பக்கத்தில இருந்து கேக்கிறன். எங்கட வீட்டுக்காரர் மல்ட்டி டே போட்டில (நாள்கணக்கில கடலில நிண்டு மீன்பிடிக்கிற போட்) போனவர், கடலைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

பிள்ளைகளுக்கு என்ன வயசு? சரக்கு வள்ளத்தில பக்கச்சுவர் முழங்கால் உயரம்தான் இருக்கும், மூட்டை ஏத்தி இறக்கத் தோதா. பிள்ளைகள் ஓடித்திரியிறதுக்கு அது சரிவராது. கம்பி நட்டுச் சுத்திவரக் கயிறோ வலையோ கட்டுங்க. லைஃப் ஜாக்கெட் பிள்ளைகளின்ர பாரத்துக்கு ஏத்த அளவில வாங்குங்க, பெரிய ஆக்களின்ரயை இறுக்கிக் கட்டிவிட்டா தண்ணிக்குள்ள தலைக்கு மேலால கழண்டிடும். மேல படங்கு இல்லாம கச்சான் வெயிலில ஒரு மணித்தியாலம் இருக்கேலாது. கக்கூசுக்கு ஒரு மறைவான இடம் ஆரம்பத்திலயே வரைபடத்தில வைங்க, கடைசியில யோசிச்சா மனுசி வரமாட்டா, அவ வராட்டி இது குடும்ப வள்ளம் இல்ல.

மற்றது, பாயை இழுக்கப்போறது ஆர்? அந்தக் காலத்தில ஏழெட்டுப் பேர் நிண்டு இழுத்த பாய். நீங்க பெரிய ஆக்கள் ரெண்டே பேர்.

தோணிக்காரன்_தூத்துக்குடி எழுதியது:

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. பழைய மாதிரி ஒரே பெரிய பாய், நீளப் பருமல்னு (பாயைக் கட்டுற கம்பு) வச்சா ஒவ்வொரு தடவை காத்து மாறும்போதும் பருமலைப் பாய்மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போகணும், ஆள் பத்தாது. அழகுதான், எனக்கும் ஆசைதான், ஆனா ரெண்டு பேருக்கு அது ஆபத்து. ரெண்டு பாய்மரம் நட்டு பாயைச் சின்னச் சின்னதாப் பிரிச்சிக்கோங்க. எந்தப் பாயையும் ஒரு ஆளு தனியா இறக்க முடியணும், அதுதான் அளவு. காத்து ஏறுனா நடுப்பாயை இறக்கிட்டு முன்னயும் பின்னயும் மட்டும் வச்சு ஓடலாம்.

பேர்கன்வாசி எழுதியது:

பாய் அளவைத் தீர்மானிக்கமுதல் பாரம். இதை யாரும் இன்னும் சொல்லேல்ல, என்ர பார்வையில இதுதான் உயிர் போற விசயம். அந்த வள்ளம் நெல்லு மூட்டை அடியில இருக்கேக்க நிமிந்து நிண்ட வள்ளம். இப்ப மூட்டை இல்ல, எஞ்சினும் பாரம் குறைஞ்சது போடப்போறீங்க, மேலால பாய்மரமும் பருமலும் ஏறுது. அடியில பாரம் போடாமப் பாய் ஏத்தினா முதல் கச்சானிலயே படுத்திடும். இரும்புத் துண்டோ ஈயமோ அடியில அடுக்கி, மேல பலகை போட்டுப் பூட்டுங்க. சும்மா கல்லைக் கொட்டினா சரியேக்க எல்லாம் ஒரு பக்கம் உருண்டு வந்து மிச்சத்தையும் கவிழ்த்திடும்.

இறக்கினாப் பிறகு ஒரு சோதனை. தண்ணி தட்டா இருக்கிற காலமை, கயித்தைத் தளர விட்டு, ஒரு பக்கம் ரெண்டு மூண்டு பேர் நிண்டு தாளத்துக்கு ஆட்டிவிட்டு இறங்குங்க. ஒரு பக்கம் போய் மற்றப்பக்கம் போய்த் திரும்பி வாறது ஒரு ஆட்டம். பத்து ஆட்டத்தின்ர நேரத்தை எடுத்துப் பத்தால பிரியுங்க. வள்ளத்தின்ர அகலத்தை மீட்டரில 0.8ஆல பெருக்கி அந்த செக்கனால பிரிச்சு, வாற விடையை அதாலயே பெருக்கினா வள்ளம் எவ்வளவு உறுதியா நிக்கும் எண்டதுக்கு ஒரு பருமட்டான மீட்டர் அளவு வரும். உங்கட அகலம் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஆட்டம் 4 செக்கன் எண்டா 0.64 மீட்டர், நல்லம். 6 செக்கன் எண்டா 0.28தான், அதோட பிள்ளைகளை ஏத்திக்கொண்டு பாய் விடாதீங்க, பாரத்தைக் கூட்டுங்க. மெதுவா, சோம்பலா ஆடுற வள்ளம் சுகமா இருக்கும், ஆனா அதுதான் பயங்கரமானது. பருமட்டான கணக்குத்தான், கடைசியில தெரிஞ்ச எஞ்சினியர் ஒருத்தரிட்டயும் காட்டுங்க.

கொட்பே_மெக்கானிக் எழுதியது:

பைபர் கதையை நான் வாபஸ் வாங்குறன், தூத்துக்குடி அண்ணன் விளக்கினது விளங்குது. எஞ்சின் கதையில நான் நிக்கிறன்.

இன்னொரு விசயம். இங்கிலாந்து வீடியோக்களில பாப்பீங்க, வத்துக்குத் தண்ணி இறங்கினதும் வள்ளத்தைச் சுவரில சாய்ச்சு வச்சு அடியைத் திருத்திப்போட்டு பெருக்குக்கு மிதக்க விடுவாங்க. எங்கட கடலில அது சரிவராது, இங்க வத்துக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் கூட இல்ல. அப்ப அடி வேலை ஒவ்வொண்டுக்கும் கரையில இழுத்துத்தான் ஆகவேணும். அதுக்கு வருசா வருசம் ஒரு தொகை ஒதுக்கி வைங்க. பேப்பர் வேலையையும் இப்பவே தொடங்குங்க. மீன்பிடிக்காத வள்ளம், குடும்பத்தை ஏத்திற வள்ளம், எந்தப் பதிவுக்குள்ள வரும் எண்டு வணிகக் கப்பல் அலுவலகத்தில கேளுங்க. உள்துறைமுகம் நேவியும் துறைமுக அதிகார சபையும் இருக்கிற இடம், அனுமதி இல்லாம நினைச்ச இடத்தில நங்கூரம் போடேலாது.

கொட்டியாரக்காற்று எழுதியது:

கலப்பத்து எப்ப அடிக்கிறது எண்டு குழப்பமா இருக்கு. மாரியில மழை, மரம் ஈரம். கச்சானுக்கு வந்தா எல்லாம் காய்ஞ்சு பலகைக்கு நடுவில விரல் நுழையுது. நல்லாக் காய்ஞ்சிருக்கேக்க இறுக்கி அடிச்சா ஒழுகாது எண்டு இங்க சில பேர் சொல்லுறாங்க.

தோணிக்காரன்_தூத்துக்குடி எழுதியது:

ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க. நல்லாக் காஞ்ச பலகைக்கு நடுவுல பஞ்சை இறுக்கி ஏத்திட்டுத் தண்ணில இறக்கினா, பலகை ஊதும்போது போறதுக்கு இடம் இருக்காது. ஆணியைப் பிடுங்கிட்டு பலகை வெளிய தள்ளும், இல்லேன்னா வங்கு தெறிச்சிடும். கலப்பத்து அடிக்கிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இருந்தே சாக்கை நனைச்சு பலகை மேல போட்டு, காலையிலயும் சாயங்காலமும் கடல் தண்ணி ஊத்துங்க. இடைவெளி பாதியாக் குறையட்டும். அப்புறம் பஞ்சைத் திரிச்சு இடைவெளில வச்சு, உளியை வச்சுத் தட்டி இறக்குங்க. காதை அங்கயே வைங்க. முதல்ல பொத்து பொத்துன்னு கேக்கும், பஞ்சு இறங்கி உக்காந்ததும் சத்தம் மாறி கெட்டியா வரும், அதுக்கு மேல ஒரு அடிகூட அடிக்கக் கூடாது. மேல குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுறது எங்க வழக்கம். இறக்குனதும் ரெண்டு மூணு நாள் ஒழுகத்தான் செய்யும், பம்பை வச்சுகிட்டுப் பக்கத்துலயே படுத்துக்கோங்க, பயந்துபோய் மறுபடி மேல ஏத்திடாதீங்க. பலகை ஊதி தானா அடைச்சுக்கும்.

கொட்டியாரக்காற்று எழுதியது:

இப்ப தெளிவாயிட்டுது. நேற்றுக் காசு குடுத்து எழுத்து வேலை முடிச்சாச்சு, வள்ளம் இனி எங்கட வள்ளம். ஹோட்டல்காரருக்கு இனி வேற மேசை பாக்கச் சொல்லியாச்சு.

எனக்கு இருக்கிற பெரிய இடைஞ்சல், எங்கட கரையில வேலை செய்யத் தோதான மாசமும் பாய்விடத் தோதான மாசமும் ஒண்டு. அதனால வாற கச்சானில ஓடுற ஆசையை விட்டாச்சு. இந்த மாரிக்குப் பந்தலுக்குக் கீழ அளவு எடுக்கிறதும் வங்கு வேலையும். மாசி பங்குனியில அடிப்பலகை. ஆனி ஆடியில சாக்கு நனைச்சுக் கலப்பத்து. வாடை தொடங்கமுதல் தண்ணியில இறக்கி, பாய் இல்லாம, உள்துறைமுகத்துக்குள்ள அனுமதி கிடைக்கிற இடத்தில மாரியைக் கழிக்கட்டும், பலகை நல்லா ஊதி இருக்கட்டும். அதுக்கு அடுத்த சித்திரைக்குத்தான் பாய். மூத்தவன் கொப்பியில அளவு எழுதத் தொடங்கிட்டான், அரை மீட்டர் அரை மீட்டரா அணியத்தில இருந்து மூண்டாவது வங்கு வரைக்கும் முடிஞ்சுது.

இப்ப அவசரமா வேணும்: வளைவான வேப்பங் கொப்பு, ஒவ்வொண்டும் நாலஞ்சு அடி நீளம், பதினைஞ்சு வரையில. ஆருக்கும் தெரிஞ்ச இடம் இருக்கா?

மூதூர்_ஜெட்டி எழுதியது:

தோப்பூர்ப் பக்கம் எங்கட மச்சானின்ர வளவில பெரிய வேம்பு ரெண்டு கிடக்கு, போன மாரிக் காத்துக்கு விழுந்தது, கொப்பெல்லாம் நல்ல முழங்கை வளைவு. காசு ஒண்டும் வேணாம், வாப்பா போய் வந்த வள்ளம். ஆனா மரம் ஏத்திற பெர்மிட் இல்லாம ரோட்டில எடுத்துக்கொண்டு வராதீங்க, முதல்ல கிராம சேவகரிட்ட கேட்டு எங்க எடுக்கிறது எண்டு பாருங்க. வளைவுக்கு மட்டைப்பலகையில அச்சு வெட்டிக்கொண்டு வாங்க தம்பி, மரத்தில வச்சுப் பாத்து அறுப்பம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் வீட்டிலதான்.